அண்ணாச்சி, நீங்க என்ன படிக்கிறீங்க?

ராஜபாளையம்- ஸ்ரீவில்லிபுத்தூர் புத்தகக் கடைகளில் கேட்க வேண்டிய கேள்வி!

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் என்ன செய்வார்?

ஒரு துளி எடுத்து உள்ளங்கையில் வைப்பார். "சாப்பிட்டுப் பாருங்க. பிடிச்சா வாங்குங்க" என்பார்.

ராஜபாளையத்தில் மாம்பழம் வாங்கினாலும் அப்படித்தான். ஒரு கீற்று அறுத்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் விலை பேசுவார்கள்.

சரி, புத்தகக் கடைக்காரர் எதை எடுத்து உள்ளங்கையில் வைப்பார்?

அவரிடம் இருக்கும் 'சாம்பிள்' ஒன்றே ஒன்றுதான். "இதை நான் படிச்சேன். நல்லா இருக்கு" என்கிற வார்த்தை!

அந்த வார்த்தை இருந்தால் புத்தகம் கை மாறும். இல்லாவிட்டால் அலமாரியிலேயே இருந்து மஞ்சள் பூத்துப் போகும்.

நோட்டும் கைடும்

இரண்டு ஊர்களுக்கும் நடுவே பஸ்சில் அரை மணி நேரப் பயணம். ஒன்று மில் ஊர். மற்றொன்று கோவில் ஊர். பக்கத்திலேயே சிவகாசி. ஊர் ஊராகக் காலண்டரும் டைரியும் நோட்டுப் புத்தகமும் அச்சடித்து அனுப்புகிற ஊர் அது.

ஆக, காகிதத்துக்கும் மைக்கும் பஞ்சம் இல்லாத பகுதி.

ஆனாலும் சிறிய ஊர்களில் புத்தகக் கடை நடத்துவது லேசான காரியம் அல்ல. 'புத்தக நிலையம்' என்று போர்டு தொங்கும். உள்ளே போனால் நோட்டு, பேனா, ஜாமெட்ரி பாக்ஸ், கைடு இவைதான் கண்ணில் படும். கதைப் புத்தகங்கள் மூலையில் ஒரு தட்டில் இருக்கும். தூசி தட்டித்தான் எடுக்க வேண்டும்.

கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் நோட்டு போகும். குரூப்-4 பரீட்சை அறிவிப்பு வந்தால் கைடு போகும். மார்கழி பிறந்தால் திருப்பாவை போகும். ஆடிப்பூரத் தேருக்குக் கூட்டம் வந்தால் ஆண்டாள் கதை போகும்.

மற்ற நாட்களில் கடை வாடகைக்கு என்ன வழி?

இரண்டு விதம்

சாயங்காலம் ஆபீஸ் விட்டு வருகிற குமாஸ்தா ஒருவர் கடை வாசலில் நிற்கிறார் என்று வைத்துக் கொள்வோம். பஸ் வர இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது.

"அண்ணாச்சி, படிக்கிறதுக்கு நல்லதா ஏதாச்சும் இருக்கா?"

"அந்தத் தட்டுல கிடக்கு பாருங்க."

அவ்வளவுதான். அவர் இரண்டு அட்டையைத் திருப்பிப் பார்ப்பார். பஸ் வந்துவிடும். போய்விடுவார்.

இன்னொரு கடை. அதே கேள்வி.

"வாங்க சார். நேத்து ராத்திரி ஒண்ணு முடிச்சேன். படுக்க மணி ஒண்ணாயிட்டு. நம்ம பக்கத்துக் கதைதான். எடுத்துட்டுப் போங்க. பிடிக்கலேன்னா திருப்பிக் கொடுங்க."

இந்தக் கடையில் பஸ்சை விட்டாலும் விடுவார், புத்தகத்தை விடமாட்டார்!

இரண்டு கடையிலும் சரக்கு ஒன்றே. விலையும் ஒன்றே. இந்தக் கடைக்காரர் படித்திருக்கிறார், அந்தக் கடைக்காரர் படிக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஜப்பானில் ஓட்டு

கடைக்காரர் படிப்பதற்கு இவ்வளவு மரியாதையா என்று கேட்கலாம். ஜப்பானில் இருக்கிறது.

அந்த நாட்டில் புத்தகக் கடை ஊழியர்களே ஓட்டுப் போட்டு ஒரு பரிசு கொடுக்கிறார்கள். 2004-ம் ஆண்டில் தொடங்கியது. பேராசிரியர்களுக்கும் விமர்சகர்களுக்கும் அதில் ஓட்டு இல்லை. கடையில் நின்று புத்தகம் விற்பவர்களுக்குத்தான் ஓட்டு. தான் படித்ததில் எந்தப் புத்தகத்தை ஜனங்கள் கையில் கொடுக்க ஆசைப்படுகிறார்களோ, அதற்கு ஓட்டுப் போடுவார்கள்.

முதல் ஆண்டுப் பரிசு யோகோ ஒகாவா என்ற பெண் எழுத்தாளரின் நாவலுக்குக் கிடைத்தது. 80 நிமிடத்துக்கு மேல் புது விஷயம் எதையும் நினைவில் வைத்துக் கொள்ள முடியாத ஒரு கணக்குப் பேராசிரியர், அவர் வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண், அந்தப் பெண்ணின் மகன் ஆகிய மூன்று பேரின் கதை. 2006-ல் அது சினிமாவாகவும் வந்தது.

மேல் நாடுகளிலும் ஒரு பழக்கம் உண்டு. கடை ஊழியர் தாம் படித்த புத்தகத்தைப் பற்றி இரண்டு வரி கைப்பட எழுதி, அந்தப் புத்தகத்தின் கீழேயே சீட்டு ஒட்டி வைப்பார். வருகிறவர்கள் அட்டையைப் பார்ப்பதற்கு முன்பு அந்தச் சீட்டைப் படிப்பார்கள்.

இதற்குச் செலவு என்ன? ஒரு துண்டுக் காகிதம்!

இங்கே ஓட்டு வைத்தால்?

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கடைக்காரர்களுக்கு அப்படி ஓட்டு வைத்தால் எந்தப் புத்தகங்கள் நிற்கும்?

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' எப்போதும் நிற்கும். 5 பாகம். நாட்டுடைமை ஆன நூல் என்பதால் பல பதிப்பகங்கள் அச்சிடுகின்றன. 2022-லும் 2023-லும் படம் வந்ததும் இளைஞர்கள் புத்தகத்தைத் தேட ஆரம்பித்தார்கள்.

ஆனால் அதை விற்க யாரும் வாய் திறக்க வேண்டியது இல்லை. அது தானாகவே போகும்.

கடைக்காரர் வாய் திறந்தால்தான் போகும் என்கிற புத்தகங்கள் வேறு. அவற்றில் ஓர் ஆச்சரியம் உண்டு. அவை தூரத்தில் இருந்து வந்தவை அல்ல. சுற்றியுள்ள கரிசல் காட்டில் விளைந்தவை!

மளிகைக் கடைக்காரர்

மேலாண்மை பொன்னுச்சாமியை எடுத்துக் கொள்வோம். விருதுநகர் மாவட்டம் மேலாண்மறைநாடு கிராமத்துக்காரர். 5-ம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்று போனது. ஊரில் சின்னதாகப் பலசரக்குக் கடை நடத்தினார்.

பருப்பும் புளியும் கட்டிக் கொடுத்த அதே கைதான் கதை எழுதியது. 'மின்சாரப்பூ' என்ற சிறுகதைத் தொகுதிக்கு 2007-ல் சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது. 2017 அக்டோபரில் அவர் காலமானார்.

ஒரு மளிகைக் கடைக்காரரிடம் இந்தப் புத்தகத்தை விற்க வேண்டுமானால் நீண்ட பேச்சு எதற்கு?

"அண்ணாச்சி, இதை எழுதினவரும் உங்களை மாதிரி தராசு பிடிச்சவர்தான்" என்றால் போதாதா?

மில் தொழிலாளி

ராஜபாளையத்தில் 'ஷிப்ட்' முடிந்து வருகிற மில் தொழிலாளிக்கு எந்தப் புத்தகம்?

சோ.தர்மனின் 'சூல்'. உருளைகுடி கிராமத்துக் கண்மாய்தான் கதாநாயகன். ராஜாக்கள் காலத்தில் ஜனங்களே காத்து வந்த கண்மாய், சுதந்திரத்துக்குப் பிறகு எப்படிச் சீர் கெட்டது என்பது கதை. 2019-ல் சாகித்ய அகாடமி பரிசு பெற்றது.

தர்மன் யார்? கோவில்பட்டியில் மில் தொழிலாளியாக வேலை பார்த்தவர்!

கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே வயசான விவசாயிக்கும் இதே புத்தகத்தைக் கொடுக்கலாம்.

ஆபீஸ் உத்தியோகஸ்தர்

"அசுரன் படம் பார்த்தாச்சா தம்பி?"

கல்லூரிப் பையன்களிடம் இப்படித்தான் பேச்சை ஆரம்பிக்க வேண்டும். 2019-ல் தனுஷ் நடித்து வந்த 'அசுரன்' படம் பூமணியின் 'வெக்கை' நாவலைத் தழுவியது. நாவல் 1982-ல் வந்தது. சினிமா கண்டுபிடிக்க 37 ஆண்டு ஆனது!

அண்ணனைப் பறிகொடுத்த 15 வயதுப் பையன் ஒருவன், அதற்குக் காரணமானவனைக் கொலை செய்துவிட்டு அப்பாவோடு காடு மேடாக அலைகிறான். படத்தில் அப்பா பெரிதாகத் தெரிவார். புத்தகத்தில் பையன் பெரிதாகத் தெரிவான். படம் பார்த்தவர்களும் படிக்கலாம் என்பதற்கு இதுவே காரணம்.

பூமணி கூட்டுறவுத் துறையில் உத்தியோகம் பார்த்தவர். பைல்களுக்கு நடுவே இருந்து எழுதியவர். 'அஞ்ஞாடி' என்ற பெரிய நாவலுக்காக 2014-ல் சாகித்ய அகாடமி பரிசு பெற்றார். 1899-ல் நடந்த சிவகாசிக் கலவரம் அந்த நாவலில் வருகிறது. தாத்தா பாட்டி வாய்வழியாகக் கேட்ட சங்கதிகள்!

விவசாயி

கி.ராஜநாராயணன் இடைசெவல் கிராமத்து விவசாயி. 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991-ல் பரிசு. 2021 மே மாதம் மறைந்தபோது அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது.

அதற்கு முன்னால் 1976-ல் வந்தது 'கோபல்ல கிராமம்'. தெலுங்கு தேசத்தில் இருந்து தப்பி ஓடி வந்த ஒரு கூட்டம், கரிசல் மண்ணில் காட்டை அழித்து ஊர் கட்டிய கதை.

வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே தமிழ் என்று இருக்கும் குடும்பங்கள் ராஜபாளையத்தில் நிறைய. "இது உங்க பாட்டி சொன்ன கதை மாதிரியே இருக்கும்" என்று எடுத்துக் கொடுத்தால் வேண்டாம் என்பார்களா?

இவர்கள் நான்கு பேர். ஐந்தாவதாக எஸ்.ராமகிருஷ்ணன். விருதுநகர் பக்கத்து மல்லாங்கிணறுகாரர். நாதசுரக் கலைஞர்களின் பாடு பற்றிய 'சஞ்சாரம்' நாவலுக்கு 2018-ல் பரிசு பெற்றார்.

ஒரே கரிசல் பூமி. 5 சாகித்ய அகாடமி பரிசுகள்!

எழுதியவர்களில் மளிகைக் கடைக்காரர் உண்டு. மில் தொழிலாளி உண்டு. ஆபீஸ் உத்தியோகஸ்தர் உண்டு. விவசாயி உண்டு. மாலையில் கடை வாசலைத் தாண்டிப் போகிறவர்களும் இவர்களேதான்.

இங்கே எழுதப்பட்ட புத்தகம் இங்கே இருப்பவர் கைக்கு வந்து சேரவில்லை என்றால், நடுவில் யாரோ ஒருவர் பேசவில்லை என்று அர்த்தம்.

ஆண்டாள் போன ஊர்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைப் பற்றிச் சொல்லத் தேவை இல்லை. 192 அடி. ஆண்டாள் பிறந்த ஊர். மார்கழியில் 30 பாசுரங்களும் வீட்டுக்கு வீடு ஒலிக்கும்.

ஆனால் ஆண்டாள் கதையை ஒரு சக்கரவர்த்தி தெலுங்கில் காவியமாகப் பாடியது எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர். 1509 முதல் 1529 வரை ஆண்டவர். காவியத்தின் பெயர் 'ஆமுக்த மால்யத'. சூடிக் கொடுத்தவள் என்று பொருள். தெலுங்கின் தலைசிறந்த காவியங்களில் ஒன்றாக அதைக் கொண்டாடுகிறார்கள். பெருமாள் கனவில் வந்து தெலுங்கில் பாடச் சொன்னார் என்று ராயரே அதில் கூறுகிறார்.

தமிழ்ப் பெண்ணின் கதை தெலுங்குக்குப் போய்விட்டது. அதைத் திரும்பத் தமிழுக்குக் கொண்டு வந்தது யார்?

ராஜபாளையத்துக்காரர்தான்!

பன்மொழிப் புலவர் மு.கு.ஜகந்நாத ராஜா அதைத் தமிழில் மொழிபெயர்த்தார். மொழிபெயர்ப்புக்காகச் சாகித்ய அகாடமி 1989-ல் தனிப் பரிசு தர ஆரம்பித்தபோது, அந்த ஆண்டுக்கான தமிழ்ப் பரிசு இந்த நூலுக்குக் கிடைத்தது. பிராகிருத மொழியில் இருந்தும் நூல்களைத் தமிழுக்குக் கொண்டு வந்தவர் அவர்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் புறப்பட்ட கதை, விஜயநகரம் வரை சுற்றிவிட்டு, அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் ராஜபாளையத்தில் வந்து இறங்கியது. 400 ஆண்டுக்கு மேல் ஆன பயணம்!

தேருக்கு வருகிற கூட்டத்தில் திருப்பாவை வாங்குகிற ஒரு தாயிடம், "தாயி, இந்தக் கதையும் இருக்கு, கேளுங்க" என்று சொல்ல ஒரு கடைக்காரர் வேண்டும்.

குழந்தைகளுக்கு

ராஜபாளையத்துக்குக் குழந்தை எழுத்தாளரும் உண்டு. கொ.மா.கோதண்டம். அவருடைய 'காட்டுக்குள்ளே இசை விழா' 2012-ல் சாகித்ய அகாடமியின் குழந்தை இலக்கியப் பரிசைப் பெற்றது.

மேற்கே பார்த்தால் மலை தெரிகிறது. அங்கே 1988 முதல் சாம்பல் நிற அணில்களுக்குச் சரணாலயம். 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்- மேகமலை புலிகள் காப்பகமும் வந்துவிட்டது. பிள்ளைகளுக்குக் காட்டைப் பற்றிப் புத்தகம் கொடுக்க இதைவிடப் பொருத்தமான ஊர் எது?

கடைக்காரர் கஷ்டம்

இவ்வளவும் படிக்கக் கடைக்காரருக்கு நேரம் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

காலையில் கடை திறந்து ராத்திரி ஷட்டரை இழுத்து மூடும் வரை நிற்க வேண்டும். நாவல் வாங்கி வைத்தால் முதல் முடங்கும். விற்காவிட்டால் நஷ்டம். விற்பனைக்கு வைத்ததைப் படித்தால் அட்டை மடங்கும். வாங்க வருகிறவர் "வேற புதுசு இருக்கா?" என்பார்.

இப்போது போட்டி வேறு. செல்போனில் தட்டினால் தள்ளுபடி விலையில் புத்தகம் வீட்டுக்கே வருகிறது. விலையில் அதோடு சின்னக் கடை மோத முடியாது.

ஆனால் செல்போனுக்குத் தெரியாத ஒன்று கடைக்காரருக்குத் தெரியும். இவருக்கு மகள் கல்யாணம் நெருங்குகிறது. அவர் ரிட்டையர் ஆகப் போகிறார். அந்தப் பையன் பரீட்சையில் இரண்டு தடவை தவறி, முகம் வாடி நிற்கிறான். யாருக்கு எதைக் கொடுக்கலாம் என்பது முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த ஒரு பலத்தையும் கடைக்காரர் விட்டுவிட்டால் பிறகு அவர் கடையில் நோட்டும் பேனாவும்தான் மிஞ்சும்.

வழி இருக்கிறது

வாங்கித்தான் படிக்க வேண்டும் என்பது இல்லை. கடைக்காரருக்கும் சரி, வாடிக்கையாளருக்கும் சரி, நூலகம் இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூலகம் 1875-ல் தொடங்கியது. அப்போது இந்தப் பகுதி திருநெல்வேலி ஜில்லா. கலெக்டராக இருந்த பென்னிங்டன் துரையின் பெயரை வைத்தார்கள். சென்னையில் கன்னிமாரா நூலகம் ஜனங்களுக்குத் திறக்கப்பட்டது 1896-ல்தான். இந்தக் கோவில் ஊர் நூலகம் அதைவிட 21 ஆண்டு மூத்தது!

இன்னொரு சங்கதி. வீட்டு வரி கட்டுகிறவர்கள் ரசீதைப் பார்க்க வேண்டும். அதில் நூலக வரியும் சேர்ந்து இருக்கும். ரூபாய்க்கு 10 காசு. 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி வசூலாவது. சுதந்திர இந்தியாவில் அப்படி ஒரு சட்டத்தை முதலில் கொண்டு வந்தது சென்னை மாகாணம்தான்.

அந்தச் சட்டம் 1950-ல் நடைமுறைக்கு வந்தபோது முதல்-மந்திரியாக இருந்தவர் பி.எஸ்.குமாரசுவாமி ராஜா. ராஜபாளையத்துக்காரர். தம்முடைய வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர்.

ஆக, நூலகப் புத்தகத்துக்கு ஜனங்கள் ஏற்கனவே காசு கட்டிவிட்டார்கள். போய் எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

நூலகத்தில் எடுத்துப் படித்துப் பிடித்துப் போனால், மறுபடி படிக்கவும் மற்றவருக்குப் பரிசு கொடுக்கவும் கடைக்குத்தானே வருவார்கள்? நூலகம் கடைக்குப் போட்டி அல்ல. பால்கோவாக் கடையில் உள்ளங்கையில் வைக்கும் துளி மாதிரிதான்!

மூன்று கேள்வி

அடுத்த தடவை புத்தகக் கடைக்குள் நுழைகிறவர்கள் மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்று: "நீங்க இப்ப என்ன படிக்கிறீங்க?"

இரண்டு: "நம்ம ஊர்க்காரங்க எழுதினது என்ன இருக்கு?"

மூன்று: "எனக்குன்னா எதைக் கொடுப்பீங்க?"

முதல் நாள் கடைக்காரர் தலையைச் சொறியலாம். "நமக்கு எங்கேய்யா படிக்க நேரம்?" என்று சிரிக்கலாம். பரவாயில்லை. நாலு பேர் அதே கேள்வியைக் கேட்டால் ஐந்தாவது ஆளுக்குப் பதில் வைத்திருப்பார். எந்த வியாபாரியும் வாடிக்கையாளர் கேட்கிற சரக்கைக் கடையில் வைக்காமல் இருக்க மாட்டார்.

அன்று ராத்திரி ஷட்டரை இறக்கும் முன்பு தட்டில் இருந்து ஒரு புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்து, கக்கத்தில் இடுக்கிக் கொண்டு வீட்டுக்குப் போவார்.

மறுநாள் காலை முதல் வாடிக்கையாளர் வந்ததும் அவரே ஆரம்பிப்பார்:

"இங்க வாங்க... நேத்து ஒண்ணு படிச்சேன்!"